மூன்று வில்லும் முறிந்துவிட்டதே!

கேள்வி: மொட்டை மாடியில் மூங்கில் வில் செய்யப் பழகுகிறேன். மூன்று செய்தேன், மூன்றும் முறிந்தன. வீட்டில் ஒரே கேலி. விட்டுவிடலாமா சார்?
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: உடைந்த துண்டுகளை விறகாக்கிவிடவில்லையே? எடுத்துப் பாருங்கள். கணுவில் முறிந்திருந்தால், அழகுக்காக அதை இழைத்து மட்டமாக்கியிருப்பீர்கள். மூங்கிலின் பலம் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. அந்தப் பக்கம் இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும், அதில் உளி படவே கூடாது. செதுக்குவதெல்லாம் உள்பக்கம்தான்.

நானும் ஒன்றை உடைத்தவன். வில்லின் ஒரு கை அழகாக வளைந்தது, மறு கை விறைத்து நின்றது. பொறுமையில்லாமல் நாணை முழுசாக இழுத்தேன். பட்டென்ற சத்தத்தில் பக்கத்து மாடிக் காக்கை எல்லாம் பறந்தது. விறைத்த இடத்தை மட்டும் சுரண்டி, கொஞ்சம் இழுத்து, மறுபடி பார்த்திருக்க வேண்டும். அதிகம் வளைகிற இடத்தைத் தொடவே கூடாது.

கோபம் வந்தால் கத்தியைக் கீழே வையுங்கள். மிச்சத்தை நாளைக்கும் சீவலாம், சீவியதை ஒட்ட முடியாது. உங்கள் ஊர்க் கடல் காற்றில் மூங்கில் மெதுவாகத்தான் உலரும். ஈரத்தோடு வளைத்தால் முறியாவிட்டாலும் கூன் விழுந்துவிடும்.

1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்தானே, சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதன்? அவனிடம் இருந்த ஆறடி வில்லும் செதுக்கி முடிக்காததுதான். வீட்டில் கேலி செய்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான்காவதுக்கு மூங்கில் வாங்கியாச்சா?