நனைந்த புத்தகத்தைப் பூட்டி வைக்காதீர்கள்: மழைக்கு முன் பள்ளி நூலகங்களுக்கு

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, டிசம்பர் முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மயிலாடுதுறை, நாகை பக்கத்துப் பள்ளிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நூலகப் பொறுப்பாசிரியர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியவை:

கூரை, சன்னல், கதவிடுக்கு மூன்றையும் பாருங்கள். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே பீரோ நின்றால் நகர்த்துங்கள். சுவரோடு ஒட்டி நிற்பதை ஒரு சாண் முன்னே இழுங்கள். காலுக்குச் செங்கல் கொடுங்கள். கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள். தரையில் கட்டுக்கட்டாகக் கிடப்பவை மேசைக்கு ஏறட்டும். பீரோவுக்குப் பின்னால் கரையான் மண் ஓடியிருக்கிறதா பாருங்கள். இருப்புப் பதிவேட்டை பாலிதீன் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஆயுத பூசைக்கு அடுக்கிய புத்தகங்களில் பொரித் துகளும் கடலைத் தோலும் ஒட்டியிருக்கும். உதறிவிட்டு வையுங்கள், எறும்பும் கரப்பானும் அதற்காகவே வருகின்றன. அடுத்த முறை அட்டை மேல் சந்தனம் குங்குமம் வைக்காமல், ஒரு வெள்ளைத் தாளைப் போர்த்தி அதன் மேல் வையுங்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இதெல்லாம் சில்லறை வேலை. பெரிய ஆபத்து வேறு. தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்: நனைந்த புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

போன மழைக்காலத்தில் வட்டாரத்தில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். சன்னல் வழியே சாரல் அடித்து மேல்தட்டுப் புத்தகங்கள் ஓரம் நனைந்தன. பொறுப்பானவர், “பத்திரமாக இருக்கட்டும்” என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு மழை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். பிறகு அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விடுமுறை. தை மாதம் திறந்தபோது நனைந்த புத்தகம் எது, நனையாத புத்தகம் எது என்று பிரிக்க முடியவில்லை. சாம்பல் பச்சையில் முதுகெல்லாம் பூசணம். வண்ணப் படக்கதைகள் செங்கல்லாக இறுகிக் கிடந்தன. ஒரு பக்கத்தைப் பிரித்தால் யானையின் பாதி உடம்பு எதிர்ப்பக்கத்தோடு போயிற்று. மழை கெடுத்தது ஒரு தட்டை. பூட்டு கெடுத்தது பீரோ முழுவதையும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூசண விதைகள் எந்தப் புத்தகத்தின் தூசியிலும் இருக்கின்றன. அவை முளைக்க ஈரமும் அசையாத காற்றும் போதும். நனைந்த தாளில் இரண்டே நாளில் முளைத்துவிடும். இரும்பு பீரோவுக்குக் காற்றுப் போக வழி கிடையாது. ஒரு புத்தகத்தின் ஈரம் மற்றெல்லாவற்றுக்கும் பரவும். அந்துருண்டை பூசணத்தைத் தடுக்காது, அதன் நெடி பிள்ளைகளுக்கும் ஆகாது. வேப்பிலை போடுகிறவர்கள் நிழலில் காயவைத்துப் போடுங்கள். பச்சையாகக் கொத்தோடு போட்டால் நீங்களே உள்ளே ஈரத்தை வைத்த மாதிரி. வசம்பு பூச்சியைத்தான் விரட்டும்.

மழையில்லாத நாளில் காலையில் கொஞ்ச நேரமாவது பீரோக் கதவுகளைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். பிள்ளைகள் வந்து எடுத்துப் புரட்டினால் இன்னும் நல்லது. காற்றுப் படாத புத்தகமும் கை படாத புத்தகமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

தீபாவளி விடுமுறைக்கு முன்பே ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். மழைக்காலத்தில் பீரோவைவிடப் பிள்ளைகளின் வீடு பத்திரமானது. தீபாவளித் துணி வந்த கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். “கூரை ஒழுகும் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறீர்கள். கொடுங்கள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அரிசியை நனையவிடும் வீடு எதுவும் கிடையாது.

தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்குத் தெரியும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215-ஆம் விதியைப் பாருங்கள்: ஆண்டில் வழங்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாத பட்சத்தில், இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. அது நம் பள்ளிகளுக்கு எழுதிய விதியல்ல என்பது உண்மைதான். ஆனாலும் நூலகம் என்றால் சில புத்தகம் போகும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு நாம் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிவானேன்? 1931-இல் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் இதே சீர்காழிக்காரர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் அவருடைய முதல் விதி. ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்த கதையை அதை ஒட்டித்தான் சொல்கிறார். சங்கிலி போய் கோத்ரெஜ் பூட்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

கொடுப்பதற்குக் காரணமா இல்லை? அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்த நாள். மாலை, பேச்சுப் போட்டி எல்லாம் எப்படியும் நடக்கும்; ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இராமேசுவரத்துச் சிறுவயதுப் பகுதியை எட்டாம் வகுப்பில் ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். நவம்பர் 7 குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த நாள், அவர் பாட்டு சின்ன வகுப்புகளுக்கு. நவம்பர் 12 பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாள். அந்த நேரத்தில் கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வந்து சேர்ந்திருக்கும். மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ உங்கள் நூலகத்தில் இருந்தால் அன்று வெளியே எடுங்கள். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த கட்டுரைகள் அவை, நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன், தான் பார்த்த பறவையையும் விலங்கையும் தமிழில் எழுதியிருக்கிறார். ஒரு கட்டுரையைப் படித்துக் காட்டிவிட்டு, பள்ளி வளாகத்தில் என்ன பறவை வருகிறது என்று எழுதச் சொல்லுங்கள். கையில் தொலைநோக்கி இல்லாவிட்டாலும் மின்கம்பியில் மீன்கொத்தி உட்காரத்தான் செய்கிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள். அவருடைய ‘மழை’ பாட்டை ஜன்னலோரத்தில் நின்று படிக்க இதைவிட நல்ல பருவம் வராது.

மழை நாளில் விளையாட்டு வகுப்பு நடக்காது. கணக்கு ஆசிரியர் அந்த நேரத்தைக் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நனைந்துவிட்டால்: அன்றே எடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பவர் மேலே சொன்ன இரண்டு நாள் கணக்கை மறுபடி படிக்கவும். முதலில் வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள். அவை காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு இடையே அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைத்து, ஊறியதும் மாற்றுங்கள். மற்றவற்றை விசிறி போல் விரித்து நிற்கவைத்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்துபோகும். இஸ்திரி போடாதீர்கள், போட்டவர்கள் இருக்கிறார்கள். நிறைய நனைந்து கை போதாவிட்டால், பாலிதீன் பையில் சுற்றி யார் வீட்டு ஃபிரிட்ஜிலாவது பனிக்கட்டி உறையும் பகுதியில் வைத்தால் பூசணம் வராமல் அவகாசம் கிடைக்கும். பூசணம் பூத்ததைத் தனியே வெளியில் எடுத்துச் சென்று, முகக்கவசம் போட்டு, உலர்ந்த தூரிகையால் பெரியவர்கள் மட்டும் துடைக்க வேண்டும். மாணவர்களைக் கொண்டு செய்யாதீர்கள். இளைப்பு உள்ள பிள்ளை எது என்று உங்களுக்கு முகத்தைப் பார்த்துத் தெரியாது.

தொட்டால் சில்லென்றிருக்கும் புத்தகம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அது பீரோவுக்குள் போகக் கூடாது. ஓரம் மட்டும் நனைந்ததும் போகக் கூடாது.

மாற்றுச் சாவி ஒன்று தலைமையாசிரியர் அறையில் இருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் பயிற்சிக்கோ மழையில் சிக்கிய ஊருக்கோ போயிருக்கும் நாளில்தான் கூரை ஒழுகும். சாவி யாரிடம், நனைந்தால் முதலில் வெளியே எடுக்க வேண்டிய தட்டு எது என்று ஒரு தாளில் எழுதி, பீரோக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டியதையும் நான் பார்த்திருக்கிறேன்.