பிசின் மரத்தின் கழிவா?

“பிசின் மரத்துக்கு வேண்டாதது. தானாக வடிகிறது. எடுத்தால் மரத்துக்கும் நல்லது.” பிளாஸ்டிக்குக்கு மாற்று தேடும் கூட்டங்களில் யாராவது எழுந்து இதைச் சொல்லிவிடுகிறார்கள். மரத்தை வெட்டவில்லையாம், அதனால் பாவமில்லையாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பிசின் கழிவு அல்ல. காயம்பட்ட மரம் தன் உணவைச் செலவழித்துப் புண்ணுக்குப் போட்டுக்கொள்ளும் அடைப்பு. முருங்கையில் பிசின் வழிந்தால் தோட்டக்காரர் தண்டில் புழு துளைத்த ஓட்டையைத் தேடுவார். மரத்தின் வள்ளல்குணம் என்று கும்பிட மாட்டார்.

தானாக வடிவதை நம்பி வியாபாரமும் ஓடாது. கரயா பிசினைப் பாருங்கள். பல்செட் ஒட்டும் பொடியிலும் பேதி மருந்திலும் சேர்வது. ஆந்திர மலைக்காடுகளில் தப்சி என்கிற மரத்திலிருந்து வருவது. கோடாரியால் பட்டையைச் செதுக்கி, அந்தப் புண் ஆறுமுன் பக்கத்திலேயே அடுத்ததைப் போட்டு எடுத்ததில் மரங்கள் பட்டுப்போயின. தண்டைச் சுற்றிப் பட்டை போய்விட்டால் இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது. பள்ளிக்கூடப் பாடம்தான் இது! ஆந்திர அரசின் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் பிசின் வாங்கும் விசாகப்பட்டினப் பகுதியில், பழங்குடியினருக்குக் கோவெல் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுத்தது. சிறிய கருவி, சிறிய கீறல், மரத்துக்கு ஓய்வு. பட்டைத்தூள் ஒட்டாத, வெளிறிய பிசின் கிடைத்தது; அதற்கு விலையும் கூடுதல்.

இயற்கைப் பிசின் என்றால் ரசாயனமே படாதது என்பது அடுத்த கதை. ராஜஸ்தானில் குமட் மரத்தில் துளையிட்டு, பிசின் கூடுதலாக வடிய எத்திபான் என்ற ரசாயனத்தைச் செலுத்துகிறார்கள். ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனம் சொல்லிக்கொடுத்த முறை. பழம் பழுக்கவைக்கும் அதே எத்திபான்தான். அளவு மீறினால் மரம் தாங்காது.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பிசினில் செய்யும் தாள் எல்லாம் மக்குமா? வெறும் பிசின் தாள் தண்ணீரில் கரைந்துவிடும் அல்லது ஊறிக் குழைந்துவிடும், காய்ந்தால் நொறுங்கும். கரையாமல் நிற்க அதில் எதைச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு மக்குவதைப் பேசலாம்.

 

மரம் சாகாமலும் பிசின் எடுக்கலாம். சூடானின் கொர்தொபானில் விவசாயி தன் நிலத்துக் குமட் மரத்தைத்தான், இலை உதிர்ந்தபின், கீறுகிறார். தன் மரத்தைக் கொல்வாரா? குளிர்பானத்தில் சேரும் அந்தப் பிசினுக்கு, 1997-ல் சூடான்மீது தடை விதித்த அமெரிக்காவே விலக்குக் கொடுத்தது. குமட்டின் அதே குடும்பத்து நாட்டுக் கருவேலம் நம் கண்மாய்களில் விறகுக்கு ஏலம் போகிறது. சீமைக் கருவேலத்தை ஒழிக்கக் கூட்டம் போடுகிறவர்கள், அந்த இடத்தில் எதை நடுவது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. நாட்டுக் கருவேலத்தை நடச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு ஏலம் விடாமல், பிசின் எடுக்க ஊர்க்காரர்களுக்கே குத்தகைக்கு விடச் சொல்லுங்கள்.