கதியாய் நிற்றல்

தமிழகத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்வோர் கர்நாடக எல்லையில் முதலில் காணும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் கடைத்தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் ஒலிக்கின்றன. தொழிற்பேட்டையை நாடி வந்த வடமாநிலத்தவரின் மொழிகளும் அவற்றோடு கலந்துள்ளன. வீட்டுக்கு வாசற்படி எவ்வாறோ, மாநிலத்துக்கு இவ்வூர் அவ்வாறு. வாசற்படி வரவேற்கவும் செய்யும், சில வேளைகளில் வழிமறிக்கவும் செய்யும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையால் எல்லையில் பேருந்துகள் நின்றுபோனபோது, மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் அத்திபெலேக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே நடந்தே எல்லையைக் கடந்தனர். அவர்களுக்கு நடையின் முடிவில் ஒரு வீடு காத்திருந்தது. திரும்பிச் செல்ல வீடே இல்லாமல் எல்லை கடப்பவரின் நிலை என்ன?

சொல்லின் பொருள்

அத்தகையோரை உலகம் அகதி என்கிறது. கதி என்றால் வழி, புகலிடம். கதி இல்லாதவர் அகதி. உயிர்கள் அனைத்துக்கும் இறைவனே கதி என்று மகான்கள் அருளியுள்ளனர். அவ்வாறாயின், அவனுடைய உலகில் எவரும் அகதியாக இருக்க இயலாது. ஆயினும் இறைவன் பெரும்பாலும் மனிதரின் கைகால்களைக் கொண்டே பிறருக்குக் கதியாகிறான். சந்நிதியில் நின்று 'நீயே கதி' என்று கைகூப்பும் அன்பர், வீடிழந்து வந்தவருக்கு உதவத் தயங்கினால் அவரது வழிபாடு நிறைவு பெறுவதில்லை. விருந்தோம்பலைத் திருவள்ளுவர் இல்லறவியலில் வைத்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. அது துறவியர்க்கு மட்டும் உரிய பெருந்தவம் அன்று. அடுப்பெரியும் ஒவ்வொரு வீட்டின் கடமை.

பைலகுப்பே தரும் பாடம்

அத்திபெலேயைக் கடந்து நுழையும் இதே கர்நாடக மண்ணில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1959இல் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்ததை அடுத்து, பல்லாயிரம் திபெத்தியர் இமயத்தைக் கடந்து வந்தனர். அன்றைய மைசூர் மாநில அரசு, குடகு எல்லையை ஒட்டிய பைலகுப்பேயில் அவர்களுக்குச் சுமார் 3,000 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. 1960இல் குடியேற்றம் தொடங்கியது. இன்று சுற்றுலா செல்லும் தமிழர்கள் அங்குள்ள மடாலயத்தைத் தங்கக் கோயில் என்று கண்டு மகிழ்கின்றனர். ஆனால் முதலில் அங்கிருந்தது காடு. குளிர்நாட்டில் பிறந்தவர்கள் கூடாரங்களில் தங்கி, பழகாத வெயிலில் மரம் வெட்டி, யானைகளுக்கு அஞ்சியபடியே மக்காச்சோளம் பயிரிட்டனர்.

இத்தகைய குடியேற்றங்களுக்குத் துணைநிற்கவே 1968இல் மைராடா என்னும் தொண்டு நிறுவனம் தோன்றியது. மைசூர் மறுகுடியேற்ற வளர்ச்சி நிறுவனம் என்பது அதன் பெயரின் பொருள். திபெத்தியர் தம் காலில் நின்ற பின்னர் அந்நிறுவனம் அவர்களை விட்டு விலகிக் கிராமப்புற ஏழைகளின் பக்கம் திரும்பியது. நாடெங்கும் பரவிய சுயஉதவிக் குழுக்களின் முன்னோடிகளுள் ஒன்றாகவும் ஆயிற்று. வந்தவர்களும் பெறுவோராகவே நின்றுவிடவில்லை. அவர்களின் வயல்களில் உள்ளூர்க் கன்னட மக்கள் வேலை பெற்றனர். நம் நகரங்களில் குளிர்காலம்தோறும் கம்பளி ஆடை விற்கும் திபெத்தியரைக் காணாதவர் அரிது.

தொண்டின் மூன்று படிகள்

முதற்படி, கேட்டறிதல். புதிதாய் வந்த குடும்பத்துக்குப் பழந்துணி மூட்டையைக் கொண்டுபோய் இறக்குவது எளிது. அவர்களுக்கு அன்று தேவைப்படுவது ஒரு குக்கரோ, கைக்குழந்தைக்கான மருந்தோ, வீட்டுக்காரரிடம் பேசக் கன்னடம் அறிந்த ஒருவரோ ஆகலாம். கேட்காமல் கொடுப்பதில் கொடுப்பவரின் மனநிறைவே பெரிதாக இருக்கிறது. பட்ட துன்பத்தைத் துருவித் துருவி விசாரிப்பது கேட்டறிதல் ஆகாது. அவர்களாகச் சொல்லும்போது பொறுமையுடன் செவிசாய்த்தால் போதும். உதவி பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதையும் தொண்டர் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் படி, உடன் செல்லுதல். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில், அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும் நாளில், மருத்துவமனையில் சீட்டு வாங்கும் நாளில் அருகில் ஒருவர் நிற்பது பணத்தினும் பெரிய உதவி. அக்கம்பக்கத்தாரிடம் அக்குடும்பத்தை அறிமுகம் செய்து வைப்பதும் இதில் அடங்கும். ஒரு பெண்மணி, "இவங்க நம்ம பக்கத்து வீட்டுக்கு வந்திருக்காங்க" என்று தெருவில் சொல்லிவிட்டால், அன்றே பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது.

மூன்றாம் படி, விலகி நிற்றல். இதுவே கடினமானது. உதவி பெற்றவர் என்றும் தம்மையே நாடியிருக்க வேண்டும் என்ற ஆசை, சேவை என்னும் வேடத்தில் வரும் அகங்காரம். அவர்கள் தாமே முடிவெடுக்கும்போது, அது தமக்கு உவப்பாக இல்லாவிடினும் தொண்டர் மதிக்க வேண்டும். அவர்கள் அளிக்கும் ஒரு குவளைத் தேநீரை மறுக்காமல் பருக வேண்டும். அந்தத் தேநீரைத் தரும்போதுதான் அவர்கள் மீண்டும் ஒரு வீட்டின் தலைவனும் தலைவியும் ஆகிறார்கள்.

பெயரும் ஒரு வீடு

1983க்குப் பின் தமிழகம் வந்த இலங்கைத் தமிழரின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. அங்கிருந்து வந்தவர்களே 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கி, முகாம்களில் தம் மக்களின் கல்விக்கும் உடல்நலத்துக்கும் பாடுபட்டனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயரையும் நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. சுவரும் கூரையும் உடலைக் காக்கின்றன. அழைக்கப்படும் பெயர் உள்ளத்தைக் காக்கிறது. முகாமிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, பள்ளியில் தன் முகவரியைத் தலைநிமிர்ந்து சொல்வதற்கு இரண்டும் வேண்டும்.

அத்திபெலே போன்ற ஊர்களில் இன்றும் ஏதேனும் ஒரு குடும்பம் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. போரோ, பஞ்சமோ, வேலையின்மையோ, காரணம் எதுவாயினும் அவர்களின் கண்கள் தேடுவது ஒரு முகத்தை. அந்த முகமாக அமையும் பேற்றை இறைவன் ஒவ்வோர் அன்பருக்கும் அருள்வானாக.

சிந்தனைக்கு

1. அண்மையில் குடிவந்த அண்டை வீட்டாரின் பெயர் தெரியுமா?

2. கடைசியாகச் செய்த உதவி, கேட்டறிந்து செய்ததா, கேளாமல் செய்ததா?

3. உதவி பெற்றவரிடமிருந்து எதையேனும் மனமுவந்து பெற்றுக்கொண்டது உண்டா?