பூஜாங் பள்ளத்தாக்கு: கல்லைப் படிப்போம் வாங்க!

சோழர் கல்வெட்டில் வரும் கடாரம் நம்ம கெடாதான். அங்கே மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். படம் எடுத்துட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிடாதீங்க. புக்கிட் பத்து பஹாட் சண்டியில் மூன்றைக் கவனிங்க.

1. அமைப்பு: கருவறையோடு விமானம், அதன் முன் மண்டபம். நம்ம ஊர்க் கோயிலில் நாம் நிற்கும் அதே வரிசை. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். பின்னர் அலஸ்டேர் லாம்ப் குழு கற்களை அடுக்கி மீண்டும் எழுப்பியது.

2. தூண் அடிக்கற்கள்: அடிக்கல் இருக்கு, தூண் எங்கே? தூணும் கூரையும் மரம். மழையிலும் வெயிலிலும் மக்கிப் போயின. தமிழகம்போல் முழுதும் கல்லாகக் கட்டாமல், இங்கே கிடைத்த மரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

3. கல் பேழைகள்: ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள். நடுவில் செப்புக் கலசம், சுற்றிலும் மணிகள். இன்றும் சுவாமி பிரதிஷ்டையின்போது பீடத்தின் அடியில் நவரத்தினம் வைக்கிறோமே, அதே மரபு.

அருங்காட்சியகத்துக்குள் இருப்பது பத்திரமா இருக்கு. வெளியே? 11ஆம் எண் சண்டி மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல்தான் வெளியே வந்தது. அதுவரை அப்படி ஒன்று இருந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததை யார் காப்பாற்றுவது?

கலந்துரையாட: உங்கள் ஊர்ப் பழைய கோயில் எந்த ஆண்டு கட்டப்பட்டது? அதன் வரலாற்றை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால், அடுத்த வகுப்புக்குள் ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதிட்டு வாங்க.