தலைமுறையும் இசைச்சுவையும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஒலிப்பதிவொன்றிற் சிவபுராணம் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்து வயதுப் பேரன் உள்ளிருந்து ஓடிவந்து, "ஆர் அம்மப்பா செத்தது?" என்று வினவினான். திடுக்கிட்டோம். எமக்கு அப்பாட்டு, திருநீற்று மணம் கமழும் பிரார்த்தனை மண்டபத்தில் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாய் எழுந்த வெள்ளிக்கிழமைக் காலையாகும். அவனுக்கோ, அயலிற் செத்தவீடு நிகழும்போது ஒலிபெருக்கியில் வரும் ஓசை அது. பாட்டு ஒன்றே, பொருள் இரண்டாயிற்று.

இசையின் பொருள் சுரத்தில் உறைகின்றதா, கேட்போன் பழக்கத்தில் உறைகின்றதா என்பது ஆராயத்தக்கது. முகாரி இராகத்தை எடுத்துக்கொள்வோம். அதனை அழுகைக்குரியதெனக் கருதி மங்கல வைபவங்களில் விலக்குவோர் எம்மிடையே உளர். ஆயினும், தியாகராச சுவாமிகள் சபரியின் பெரும்பேற்றை வியந்து பாடிய கீர்த்தனை முகாரியிலேயே அமைந்துள்ளது. அங்கே ஒப்பாரி இல்லை; வியப்பும் பக்தியுமே உள்ளன.

இதனினும் வேடிக்கையானது ஆர்மோனியத்தின் கதை. 1842இல் பாரிஸ் நகரில் டெபேன் என்பவர் ஆக்கவுரிமை பெற்ற இக்கருவி, கடல் கடந்து வந்து நம் இசைநாடக மேடையின் உயிர்நாடியாயிற்று. நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அவர்களின் மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் விடிய விடிய இருந்து கண்ட எம் தந்தையார்க்கு, ஆர்மோனியமின்றிப் பாட்டே இல்லை. வித்துவான்கள் பலரோ அதனை வெறுத்தனர். அவ்வெறுப்பு வெறும் பிடிவாதமன்று. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டையும் ஒரே நிலையான ஒலியைத் தருவது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லுதல் அதற்கு இயலாது. நம் இராகங்களோ கமகத்தினாலேயே உயிர் வாழ்பவை. அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவியைத் தடை செய்தது. 1971இலேதான் அத்தடை ஒருவாறு தளர்ந்தது.

வயலினும் மேலைநாட்டிலிருந்து வந்ததன்றோ? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) முதலியோர் அதனைக் கருநாடக இசைக்கு ஆக்கினர். மெட்டுகளற்ற அதன் தந்தியில் விரல் தங்குதடையின்றி ஓடுமாதலின் கமகம் அதற்கு எளிதாயிற்று. இன்று அதனை அந்நியக் கருவியென்பார் எவருமிலர். ஆகவே மூத்தோர் ஒன்றை மறுக்கும்போது, அம்மறுப்பிற் செவியறிவு எவ்வளவு, வழக்கம் எவ்வளவு எனப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் நாம் பிரிப்பதில்லை, சத்தமிடுகிறோம்.

நாம் மாணவராயிருந்த அறுபதுகளில் எம் வீட்டிலும் இப்போர் நிகழ்ந்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது இலங்கை வானொலி அவற்றை ஏந்திக்கொண்டது. 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னரும் தமிழகத்தார் பலர் கொழும்பையே கேட்டனர். எம் தந்தையார் மாத்திரம், "கூத்தாடிப் பாட்டு" என்று சொல்லி வானொலிப் பெட்டியை மூடிவிடுவார். அவரே கிணற்றடியில் தியாகராஜ பாகவதரின் பாடல்களை முணுமுணுப்பவர். 1944இல் வெளிவந்த ஹரிதாஸ் படத்துப் பாடல்களும் திரைப்பாடல்களே என்று அவர்க்கு நினைவூட்ட எமக்குத் துணிவு வரவில்லை.

பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதிற் கண்டவையும் கேட்டவையுமே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பர் உளநூலார். அவ்வயதிற் கேட்ட பாட்டோடு நண்பர் முகமும் சைக்கிளோடிய ஒழுங்கையும் சேர்ந்து பதிந்துவிடுகின்றன. பழைய பாட்டே சிறந்ததென்று நாம் வாதிடும்போது, பாட்டுக்காக மட்டுமா வாதிடுகிறோம்? போரும் இடப்பெயர்வும் கண்ட எம்மவர்க்கு இவ்வினா இன்னும் கனமுடையது. நண்பர் பலர் இன்றில்லை. ஒழுங்கைகள் சிலவும் இல்லை.

அன்று மாலை பேரனுக்குப் பிரார்த்தனை மண்டபத்தைப் பற்றிச் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பாட்டொன்றைக் கேட்கும்படி எம் செவியில் ஒலிக்கருவியைச் செருகினான். தாளவொலியின் இடியில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் அடியில் ஓடியது சிந்துபைரவியின் சாயல். அதனைக் கூறினோம். அவனுக்குச் சொற்களனைத்தும் மனப்பாடம். இராகத்தின் பெயர் தெரியாது. கொப்பியொன்றை எடுத்து வந்து, எமக்காகப் பாட்டை வரிவரியாக எழுதத் தொடங்கினான்.