மகன் சாப்பிடுகிறானா?

கேள்வி: டொராண்டோவில் படிக்கும் மகன் வீடியோ காலில் இளைத்துத் தெரிகிறான். கேட்டால், 'சாப்பிட்டாச்சும்மா' என்று எரிந்து விழுகிறான். மனசு சரியில்லையா, வயிறு காய்கிறதா?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், திடகாத்திரமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். எரிச்சல், சோர்வு, ஆள் முகம் பார்க்கப் பிடிக்காமை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று பலரும் மாறிப்போனார்கள். அவர்களுக்கு வங்கிக் கடன் கிடையாது, வாடகை கிடையாது. உங்கள் மகனுக்கு உண்டு.

கல்விக் கட்டணம் போக ஓராண்டுச் செலவுக்கு 10,000 டாலர் காட்டினால் போதும் என்றிருந்த கனடா, 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கியது. பழைய தொகை எவ்வளவு பொய்யானது என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான். படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் முடியாது. கடைசியில் கைவைப்பது சாப்பாட்டில்தான்.

அங்கே பல பல்கலைக்கழகங்களில் இலவச உணவு வங்கி உண்டு. ஆல்பர்ட்டாவில் 1991லேயே தொடங்கிவிட்டார்கள். சீக்கியர்களின் குருத்வாராவில் யாரும் சாப்பிடலாம். மீனாட்சியம்மன் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார நாம் கூச்சப்படுகிறோமா என்ன? அதை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். நம் பிள்ளைகளைத் தடுப்பது பசியைவிட மானம்.

'சாப்பிட்டியா' என்று கேட்காதீர்கள், 'இன்னைக்கு என்னப்பா சமைச்ச' என்று கேளுங்கள். வாழ்வே வேண்டாம் என்கிற பேச்சு வந்தால், அங்கே 988 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் கலக்கத்துக்கு இங்கே டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். கடன் தவணைப் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.