ஊரைச் சொல்லும் மடல்கள்

கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணி நகரில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்குப் படிவம் இரண்டில் தமிழ்மொழி பயிலும் மாணவர்கள் 18 பேர். சிங்கப்பூரில் ஒரு தமிழ்மொழி நிலையம். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பலர், பள்ளி முடிந்ததும் அங்கு வந்து கூடிப் படிப்பார்கள். இவ்விரு வகுப்புகளின் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். இரு நாட்டு மாணவர்களும் பேனா நண்பர்களாகித் தங்கள் பள்ளியையும் ஊரின் சிறப்புமிக்க இடங்களையும் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் அன்று, தாளில், தமிழில், தம் கையெழுத்தில் எழுத வேண்டும் என்பதே நிபந்தனை.

முதல் மடல்கள் விரைவாகவே எழுதப்பட்டன. சுங்கைப்பட்டாணி மாணவர்கள் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பற்றி எழுதினர். அதன் உயரம் 452 மீட்டர், மாடிகள் 88 என்று குறிப்பிட்டு, படம் ஒன்றையும் ஒட்டினர். சிங்கப்பூர் மாணவர்கள் மெர்லயன் சிலையைத் தேர்ந்தெடுத்தனர். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அச்சிலை 1972ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுவப்பட்டது என்றும், அதன் உயரம் 8.6 மீட்டர் என்றும் எழுதினர்.

இரண்டு வாரம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. அதில் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தாள்: “இரட்டைக் கோபுரத்தை நாங்கள் படங்களில் பலமுறை பார்த்திருக்கிறோம். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா? அது உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறதா?”

ஆசிரியை அந்தக் கேள்வியை வகுப்பில் உரக்கப் படித்தார். “இரட்டைக் கோபுரத்திற்கு நேரில் போனவர்கள் கையை உயர்த்துங்கள்,” என்றார். நான்கு கைகள்தாம் உயர்ந்தன. கோலாலம்பூர் அவர்கள் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர்.

ஆசிரியை அவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்து வந்தார். இரண்டாம் மாடி நடைவழியில் நின்றபடி, “இங்கிருந்து உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டார்.

“மலை, டீச்சர்.”

“அந்த மலையைப் பற்றி அடுத்த மடலில் எழுதுவோமா?”

அது குனோங் ஜெராய். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலை, சமவெளியில் தனித்து எழுந்து நிற்பதால் கடலில் வெகுதொலைவிலிருந்தே தென்படும். பாய்மரக் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்துவந்த காலத்தில், மாலுமிகளுக்கு அதுவே கரையைக் காட்டும் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகள் ‘கடாரம்’ என்று குறிப்பிடும் நாடு இந்தக் கெடாப் பகுதியே என்பது வரலாற்று அறிஞர்கள் பலரின் கருத்து. நாள்தோறும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இச்செய்தியை அன்றுதான் அறிந்தனர்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் பேருந்தில் மெர்போக் நகருக்கு அருகிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்திற்குச் சென்றனர். அரும்பொருளகத்தை ஒட்டி, ஓடைக்கரையில் ‘சண்டி புக்கிட் பத்து பகாட்’ என்னும் பழைய கோயில் நிற்கிறது. ‘சண்டி’ என்பது பழங்காலக் கோயிலைக் குறிக்கும் மலாய்ச் சொல். “பத்து என்றால் எண் இல்லை, மலாய் மொழியில் கல்!” என்று ஒரு மாணவன் கேலியாகச் சொன்னான். ‘பத்து பகாட்’ என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். 1936ஆம் ஆண்டு ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் இந்த இடத்தைக் கண்டறிந்தார். சிதறிக் கிடந்த கற்கள் பின்னர் ஆராய்ந்து அடுக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டு கோயில் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று அதற்குக் கூரை இல்லை. மரத்தூண்கள் நின்ற கல் பீடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. மாணவர்கள் அவற்றை எண்ணினர், சுவரின் நீளத்தைக் காலடியால் அளந்தனர், ஓடையில் கைநனைத்தனர். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

அரும்பொருளகத்தின் உள்ளே கண்ணாடிப் பேழைகளில் மணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் இருந்தன. வணிகர்கள் பருவக்காற்றை நம்பிக் கப்பல் செலுத்திய காலம் அது. காற்றுத் திசை மாறும்வரை அவர்கள் இங்குத் தங்கிக் காத்திருந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற பொருள்கள்தாம் அவை. கடாரத்திற்கும் சோழ நாட்டிற்கும் நட்பும் இருந்தது, பகையும் இருந்தது. கடார மன்னர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் ஒன்றை எழுப்பியபோது, இராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அவன் மகன் இராஜேந்திரனோ 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையெடுத்து, ‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டத்தைப் பெற்றான்.

மடல் எழுதும் நாள் வந்தது. குழுக்களாகப் பிரிந்து எழுதினர். ஒரு குழு பள்ளியைப் பற்றி எழுதியது. திங்கட்கிழமைக் காலைப் பொதுக்கூட்டம், சிற்றுண்டிச்சாலையில் வாழையிலை மணக்கும் நாசி லெமாக், அறிவியல் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. மற்றொரு குழு மலையைப் பற்றியும் மூன்றாவது குழு கோயிலைப் பற்றியும் எழுதின.

அப்போது மூன்றாவது குழுவில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், தோட்டத்தில் வேலை செய்த எங்கள் தாத்தா ஒரு செய்தி சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியை இடித்துவிட்டார்களாம். அதையும் எழுதலாமா?”

அவள் சொன்னது உண்மையே. ஆய்வாளர்கள் 11ஆம் எண்ணிட்டுக் குறித்திருந்த பழைய சண்டி ஒன்று, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டுவிட்டது. அச்செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது. அப்போது இந்த மாணவர்கள் நடைபழகும் வயதில் இருந்தனர். சண்டி இருந்த நிலம் தனியாருக்குச் சொந்தமானது. நாளிதழ்கள் அதைப் பற்றி எழுதின. பல இனத்தவரும் வருந்தினர். எஞ்சியுள்ள இடங்களைச் சட்டப்படி பாதுகாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது.

வகுப்பில் விவாதம் மூண்டது. “நம் வீட்டுக் குறையை வெளியூர்க்காரர்களிடம் சொல்வதா? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்றான் ஒரு மாணவன். “நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். நண்பரிடம் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?” என்றாள் அந்த மாணவி. “இடித்தது நாமா? நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?” என்று இன்னொருவன் கேட்டான். “இடித்தது நாம் இல்லைதான். ஆனால், அது அங்கே இருந்ததே நமக்குத் தெரியாதே!” என்று வேறொருத்தி சொன்னதும் வகுப்பு சற்று அமைதியானது.

ஆசிரியை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. வாக்கெடுப்பு நடத்தச் சொன்னார். எழுதலாம் என்பதற்கு 11 பேரும் வேண்டாம் என்பதற்கு 7 பேரும் கை உயர்த்தினர். யாரையும் பழிக்காமல், நடந்ததை மட்டும் சுருக்கமாக எழுதுவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எழுதக்கூடாது என்று வாதாடிய மாணவனின் கையெழுத்து அழகாக இருக்கும். ஆகவே, அந்தப் பகுதியை அவனே எழுதினான்.

இம்முறை பதில் வரத் தாமதமாயிற்று. ஒரு மாதம் ஆகியும் மடல் வரவில்லை. “நான் அப்போதே சொன்னேன்,” என்று அந்த மாணவன் முணுமுணுத்தான்.

கடைசியில் தடித்த உறை ஒன்று வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒன்பது பக்க மடல் இருந்தது. சிங்கப்பூர் மாணவர்கள் இப்படித் தொடங்கியிருந்தனர்: “உங்கள் மடலைப் படித்த பிறகு நாங்களும் தேடத் தொடங்கினோம். அதனால்தான் இவ்வளவு தாமதம். மெர்லயன் நிற்கும் அதே ஆற்று முகத்துவாரத்தில் முன்பு வேறொன்று இருந்திருக்கிறது. அது இப்போது இல்லை.”

அவர்கள் கண்டறிந்தது ‘சிங்கப்பூர்க் கல்’லின் வரலாறு. 1819ஆம் ஆண்டு ஆற்றின் முகத்துவாரத்தில் காட்டைத் திருத்தியபோது, பெரிய பாறை ஒன்று தென்பட்டது. அது ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உடையது. அதில் சுமார் ஐம்பது வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. ராஃபிள்ஸ் உட்படப் பலர் முயன்றும் அவ்வெழுத்துகளைப் படிக்க முடியவில்லை. 1843ஆம் ஆண்டு, முகத்துவாரத்தை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும் அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மலாக்காவில் பிறந்து, தமிழும் கற்றறிந்த மலாய் எழுத்தாளர் அப்துல்லா முன்ஷி, அந்தக் கல்லை நேரில் பார்த்தவர். அது அழிக்கப்பட்டதைப் பற்றிய தம் வருத்தத்தை அவர் தமது தன்வரலாற்று நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

தகர்க்கப்பட்ட பாறையின் ஒரு துண்டு இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. மாணவர்கள் அங்குச் சென்று அதைப் பார்த்தனர். எழுத்துகள் தேய்ந்திருந்தன. அவற்றின் பொருளை இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “மற்ற துண்டுகளும் இருந்திருந்தால் ஒருவேளை படித்திருக்கலாம். இந்த அரும்பொருளகத்திற்கு நாங்கள் தொடக்கப்பள்ளியில் ஒருமுறை வந்திருக்கிறோம். அப்போது இந்தக் கல்லை நின்று பார்க்காமல் கடந்து போய்விட்டோம்,” என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான்.

மடலின் கடைசிப் பக்கத்தில் வியப்பூட்டும் செய்தி ஒன்று காத்திருந்தது. சிங்கப்பூர்க் கல் சிதறியபோது, எழுத்துள்ள துண்டுகள் சிலவற்றைத் தேடியெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தவர் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி. பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய இடிபாடுகள் இருப்பதை 1840களில் எழுதி உலகுக்குத் தெரிவித்தவரும் அதே ஜேம்ஸ் லோதான். “உங்கள் ஊர்க் கற்களையும் எங்கள் ஊர்க் கல்லையும் ஒரே மனிதர் பார்த்திருக்கிறார். நாம் பேனா நண்பர்கள் ஆவதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே நம் இரண்டு ஊர்களும் ஒருவருடைய குறிப்பேட்டில் சந்தித்துவிட்டன!” என்று மடல் முடிந்திருந்தது.

வகுப்பில் கைத்தட்டல் எழுந்தது. எழுதக்கூடாது என்று வாதாடிய மாணவன் அந்தக் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை வாங்கிப் படித்தான். பிறகு, “டீச்சர், அடுத்த மடலை நான் தொடங்கட்டுமா?” என்று கேட்டான்.

அவன் தொடங்கிய மடலில் ஒரு வேண்டுகோள் இருந்தது. இரு வகுப்பு மாணவர்களும் தத்தம் வீட்டருகே பெயர்ப்பலகை இல்லாத பழைய இடம் ஒன்றைத் தேட வேண்டும். பழைய கிணறு, தோட்டத்துக் கோயில், மூடப்பட்ட கடைவரிசை, இரயில் பாலம் என எதுவாகவும் இருக்கலாம். அதைப் பற்றி அறிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அந்த இடத்தின் பெயர், இருப்பிடம், தோற்றம், பயன்பாடு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். எழுதியவற்றில் ஒரு படி நண்பருக்கு. மற்றொரு படி பள்ளி நூலகத்திற்கு.

மடலை அஞ்சலில் சேர்த்த அன்று மாலையே, தாத்தாவிடம் கதை கேட்ட மாணவி குறிப்பேட்டுடன் அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். “தாத்தா, அந்தத் தோட்டத்தில் இன்னும் என்னென்ன இருந்தன? முதலிலிருந்து சொல்லுங்கள்,” என்றாள்.

சிந்தித்துப் பேசுக

1. முதல் மடல்களுக்கும் இரண்டாவது மடலுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. இடிக்கப்பட்ட சண்டியைப் பற்றி எழுதுவதில் மாணவர்களிடையே எழுந்த இருவேறு கருத்துகளையும் விளக்குக. உம் வாக்கு எந்தப் பக்கம்? ஏன்?
3. உம் வீட்டருகே உள்ள பழைய இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை அறிமுகப்படுத்திப் பேனா நண்பருக்கு ஒரு மடல் எழுதுக.